பதினோரு வயதிலிருந்து சமைக்கிறாள்

10 பிப்ரவரி 2025, திங்கள்

நேற்று ஸ்ரீரங்கத்தில் மகாவுக்கு வளைகாப்பு. ஐந்து வகைச் சாதம். அதில் புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் அவளே கிளறியதாம், ஏழு மாத வயிற்றோடு. சம்பந்தியம்மா அழகம்மாள் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்கள். நான் பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். இங்கே அம்மா இல்லை. மலர்க்கொடி போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. இருந்தாலும் அப்பன் நான் இருக்கிறேனே! பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டு, கார் வைத்துக்கொண்டு போயிருந்தேன். மகா வரவில்லை. வாசல் வரைக்கும் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "அங்க வந்தாலும் நான்தானேப்பா சமைக்கணும்."

காரில் தனியாகத் திரும்பினேன்.

13 பிப்ரவரி, வியாழன்

மகா கல்யாணமாகிப் போனதிலிருந்து எனக்குக் கடைச் சாப்பாடுதான். பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்ததும் வீரமலையிடம் விஷயத்தைச் சொல்லி, சமைக்கக் கற்றுக்கொடு என்றேன். என் செக்‌ஷன்தான். மனைவி மக்கள் மருங்காபுரியில். இவன் இங்கே எட்டு வருடமாகத் தனியாகப் பொங்கித் தின்கிறான். சமையல் என்றால் அவனுக்கும் வேப்பங்காய்.

"அதனாலதாண்ணே ஒரு குக்கர், ஒரு கரண்டி. மூணாவதா ஒரு பாத்திரம் கழுவ வேண்டி வந்தா அந்தச் சமையலையே நான் செய்ய மாட்டேன்."

ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, தக்காளி இரண்டு, பூண்டு நாலு பல், மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் நாலு டம்ளர். மூன்று விசில். இறக்கியபின் அந்தக் கரண்டியிலேயே நெய் காய்ச்சி, மிளகும் சீரகமும் பொரித்துக் கொட்ட வேண்டும். இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"பேரு வெச்சா அதுமாதிரி வரணும்ணே. பேரெல்லாம் வேணாம்."

14 பிப்ரவரி

முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஃபிட்டர், குக்கருக்கு கேஸ்கட் போட மறந்தேன். விசிலே வரவில்லை. அடுப்பு முழுக்கக் கஞ்சி. துடைத்து முடிக்க ஒரு மணி நேரம்.

இந்த அடுப்பை இத்தனை வருடம் யார் துடைத்தார்கள்?

23 பிப்ரவரி, ஞாயிறு

பெயரில்லாத சாதம் இப்போது பிசகாமல் வருகிறது. பருப்புத் துவையலும் வருகிறது: துவரம்பருப்பையும் இரண்டு காய்ந்த மிளகாயையும் சிவக்க வறுத்து, பூண்டு, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக ஒரு சுற்று. சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் குழம்பே வேண்டாம். முருங்கைக்கீரை ஆய்வதற்குத்தான் பயந்தேன். ராத்திரி துணியில் இறுக்கி மூட்டை கட்டி வைத்தால், காலையில் இலையெல்லாம் தானே உதிர்ந்து கிடக்கிறது. வீரமலை வித்தை. சோம்பேறிகள்தான் எல்லாம் கண்டுபிடிக்கிறார்கள்.

போட்டோ எடுத்து மகாவுக்கு அனுப்பினேன். "எந்தக் கடைப்பா?" என்று கேட்கிறாள்.

2 மார்ச், ஞாயிறு

மகாவை மாப்பிள்ளை அன்புச்செல்வன் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைக்குப் போனார். சாதம், துவையல், கீரை, அவித்த முட்டை. தட்டில் நானே பரிமாறினேன். எல்லாவற்றையும் சாப்பிட்டாள். பிறகு எழுந்து நேராகப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனாள். உட்காரும்மா என்றேன். குழாயைத் திறந்தபடி, திரும்பாமலே சொன்னாள்.

"எனக்குச் சமைக்கப் பிடிக்காதுப்பா. ஒருநாள்கூடப் பிடிச்சதில்ல."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா யாரு செஞ்சிருப்பா? நீங்களா?"

பெண் பார்க்க வந்த அன்று அழகம்மாள் கேட்டார்கள், பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பதினோரு வயசுலேருந்து எங்க வீட்டுச் சமையல் அவதாங்க" என்றேன். ஏதோ மெடல் வாங்கிய மாதிரி. எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மகா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

பதினோரு வயசு. ஸ்டூல் போட்டு ஏறி நின்னு சோறு வடிச்சா. நான் பேப்பரு படிச்சிட்டு உட்காந்திருந்தேன். அதைப் போயி பெருமையா சொல்லிக் கட்டிக் குடுத்திருக்கேன். அந்த ஒரு வார்த்தையை வெச்சு ஏழு பேருக்கு ஆக்கிப் போட்டுக்கிட்டிருக்கு எம்புள்ள. வெக்கமா இருக்கு.

9 மார்ச், ஞாயிறு

மனசு ஆறவில்லை. பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. எம்பொண்ணுக்குச் சமைக்கப் பிடிக்காது. நான் செய்யாததால அவ செஞ்சா. அவ்வளவுதான்."

அழகம்மாள் முகம் சுண்டிப்போனது. "நாங்க என்ன அடிச்சா வேலை வாங்கினோம்? ஆசையா செய்யறான்னுதானே நெனச்சோம். நீங்கதானே சம்பந்தி அவ்வளவு பெருமையா சொன்னீங்க!"

அவர்கள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியிலிருந்து மகா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை. நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

10 மார்ச்

காலையிலேயே மகாவின் போன். "யாரைக் கேட்டுப் பேசினீங்க? அன்னைக்கும் என்னைக் கேக்கல. நேத்தும் கேக்கல. நான் அந்த வீட்டுலதானேப்பா இருக்கணும்?"

வைத்துவிட்டாள்.

அய்யோ, மறுபடியும் அதையேதான் செஞ்சிருக்கேனா!

31 மார்ச்

மூன்று வாரமாகப் போன் இல்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. தினமும் இரண்டு பேருக்கு வைத்துவிட்டு மீதியை வீரமலைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். டப்பாவைக் கழுவாமலே திருப்பித் தருகிறான்.

17 ஏப்ரல், வியாழன்

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. தாயும் சேயும் நலம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் மகா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுவே போதும் என்றிருந்தது. அவளே சொன்னாள்: "இங்கேருந்து நேரா நம்ம வீட்டுக்கு வரேன்ப்பா. ஆனா அடுப்படிக்குள்ள காலே வைக்க மாட்டேன்."

அழகம்மாள் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். "கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. அங்க இப்ப அன்புதான் சோறு வடிக்கிறான். கஞ்சியோட கொஞ்சம் சோத்தையும் சேத்து வடிச்சிடறான்."

ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

மகா வந்து ஆறு நாள். சொன்ன சொல் மாறவில்லை; வெந்நீர்கூட நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தினமும் காலையில், "இன்னைக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்கிறேன். தினமும், "எதுவா இருந்தாலும் சரிப்பா." இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். நேற்று அவளே சொன்னாள். "கோவமெல்லாம் இல்லப்பா. நெஜமாவே தெரியல. யார் யாருக்கு என்ன பிடிக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். எனக்கு என்னன்னு யோசிச்சதே இல்ல."

இன்று நானே ஒன்று யோசித்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் அதுதான், கல்யாணம் ஆகும்வரை மகாதான் வைப்பாள். புகுந்த வீட்டில் கருவாடு புழங்குவதில்லை, இரண்டு வருடமாக ஏங்கிப்போயிருப்பாள் என்று நினைத்தேன். பிள்ளை பெற்றவளுக்கும் நல்லது. மார்க்கெட்டுக்குப் போய் வாங்கிவந்து, ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி எடுத்தேன்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "அப்பா, கருவாடா? அது மட்டும் வேணாம்ப்பா."

"உனக்குப் பிடிக்குமேம்மா!"

"உங்களுக்குத்தான்ப்பா பிடிக்கும்."

அவள் சத்தம் போடவில்லை. குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியேதான் சொன்னாள். "திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போனா கையில அந்த வாடை அப்படியே இருக்கும். யாருகிட்டயும் கையை நீட்ட மாட்டேன். டீச்சர் கேள்வி கேட்டா, தெரிஞ்சாலும் கை தூக்க மாட்டேன்."

அலசிய கருவாட்டைச் சட்டியோடு பக்கத்து வீட்டு ஜீனத்திடம் கொடுத்துவிட்டு வந்து, வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன். குழந்தையைப் படுக்கவைத்துவிட்டுச் சொன்னாள். "ஒரு தோசை. முறுகலா. சுட்டதும் கையோட கொண்டாந்து குடுங்க. நான் தோசையைச் சூடா தின்னதே இல்ல." நாலு தோசை சாப்பிட்டாள். ஒவ்வொன்றையும் ஓடி ஓடிக் கொண்டுபோய்ப் போட்டேன்.

கையை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டேன். இதை எழுதும்போதும் விரலில் கருவாட்டு வாடை இருக்கிறது.