உங்கள் கண் பட்ட அரிப்பு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வீட்டில் 'என்னங்க' என்று கூப்பிட்டே பழகிவிட்டது. பேனாவைப் பிடித்தால் அது வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் இந்த மரியாதை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதினால் முதல் பத்தியிலேயே பொய்யாகிவிடும்.

உங்களோடு வேலை செய்யும் வெல்டர் விடுமுறை முடிந்து விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் உங்கள் அறையில் ஆறு கட்டில், ஆறு கட்டிலிலும் காது. இங்கே உங்கள் அக்கா. இந்த அசிங்கத்தை ஊருக்கெல்லாம் ஒலிபரப்ப எனக்கு விருப்பமில்லை.

போன மாதம் என் போனில் கேமரா கெட்டுவிட்டது என்றேனே, அது கெடவில்லை. கெட்டது என் மூஞ்சி. காதுக்குப் பின்னால் சின்னதாகத் தடித்தது, கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். பிறகு நெற்றியில் முடி தொடங்கும் இடம் முழுக்கச் சிவந்து, பின்கழுத்து வரை பரவியது. சொறிந்தால் நீர் கசிகிறது. கசிந்தது காய்ந்து மஞ்சளாகப் பொருக்குக் கட்டுகிறது. காலையில் எழுந்தால் காது தலையணை உறையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, மெல்லப் பிய்த்து எடுக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே படிக்காதீர்கள். உங்கள் அக்காதான் தினமும் உறையை மாற்றி வெந்நீரில் துவைத்துப் போடுகிறார். இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

பேக்கரியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா பன் கேட்டார். நான் இடுக்கியால்தான் எடுத்தேன். அவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, நீ எடுக்க வேண்டாம், பக்கத்தில் நிற்கிற பெண் எடுத்துத் தரட்டும் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கடையை விட்டே ஓடியிருப்பேன். முதலாளி அன்றைக்கே என்னைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேக் பெட்டி மடிக்கிறேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்று என்னிடம் சொன்னபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதனால் வந்தது என்று தேடாத இடமில்லை. எதிர்வீட்டு ரேடியோவை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அம்மா வாயை மூடினால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம் என்று சொல்லி, அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தானே. எனக்கு வியாதி வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் கத்தரிக்காய் என்றார், நிறுத்தினேன். மீன் என்றார், அதையும் நிறுத்தினேன். மைதா மாவுத் தூசு என்றார். அதை எங்கே நிறுத்துவது, அதில்தானே பிழைப்பு ஓடுகிறது. பிறகு, தண்ணீர்த் தொட்டியில் பல்லி செத்துக் கிடக்கும் என்று சொல்லி உங்கள் அக்காவையே ஏணியில் ஏற்றிவிட்டார். பல்லி இல்லை. ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த வாளி மூடி கிடைத்தது, அதுதான் மிச்சம்.

வைத்தியம் இருக்கிறதே, அது வியாதியைவிடக் கேவலம். வேப்பிலையை அரைத்து அப்பிக்கொண்டேன். காய்ந்து இறுகி, வாயைத் திறந்தால் தோலோடு சேர்ந்து வெடித்தது. கற்றாழைச் சோற்றைத் தடவினேன். வழவழவென்று கழுத்தில் வழிந்தது, யாரோ என்மேல் மூக்கைச் சிந்திவிட்ட மாதிரி இருந்தது. பூண்டைத் தட்டித் தேங்காயெண்ணெயில் காய்ச்சி ஒரு வாரம் பூசினேன். அந்த நாற்றத்துக்குப் பேக்கரிப் பூனைகூடப் பின்கட்டுப் பக்கம் வரவில்லை. எல்லாம் இயற்கை, பக்கவிளைவே கிடையாது என்கிறார் ரேடியோ. விளைவே இல்லாதபோது பக்கவிளைவு எங்கிருந்து வரும்?

டாக்டரிடமும் போனேன். உங்கள் அக்கா துணைக்கு வந்தார். என்ன சோப்பு, என்ன பவுடர், கழுத்தில் என்ன செயின் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், தலைக்கு டை அடிப்பீர்களா என்று ஒரு கேள்வி. 'என் தம்பி பொண்டாட்டிக்குத் தலையில ஒரு நரை கிடையாது' என்று தெருவெல்லாம் பெருமை பேசுகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் முன்னால் கேட்கிற கேள்வியா இது? இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். போடும்வரை அடங்குகிறது, விட்டால் திரும்பி வருகிறது.

இப்போது ரேடியோ கண்டுபிடித்திருப்பதைக் கேளுங்கள். சிரிக்காதீர்கள். எந்தெந்த நாளில் வருகிறது என்று யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்தேன். மாதக் கடைசியில் உங்கள் கம்பெனி முகாமில் நெட் நன்றாகக் கிடைக்கும்போது வீடியோவில் வருகிறீர்களே, அதற்கு மறுநாள்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறது. 'வேற யாரும் இல்ல, உன் புருஷன் கண்ணுதான் பட்டிருக்கு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் நாள் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறதே. திரையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'நீ மட்டும் அப்படியே இருக்கே' என்கிறீர்கள். ஒரு தடவை அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு வேறு காட்டினீர்கள். ஒருவேளை அதுதானோ என்னவோ. கொஞ்ச நாளைக்கு வீடியோ வேண்டாம், குரல் போதும்.

இன்னொன்று. கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசும்போதுகூட அந்த நீலத் தொப்பியை நீங்கள் கழற்றுவதில்லை. அறைக்குள் யாராவது தொப்பி போடுவார்களா? வியர்வை ஊறிக் கிடந்தால் உங்களுக்கும் இதே கருமம் வந்து சேரும். வீட்டுக்கு ஒருவர் அழுகினால் போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கேக் பெட்டி மடிக்கும் உங்கள் வீட்டுக்காரி

*

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

விடுமுறை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வருகிறேன் என்று நீங்கள் போனில் சொன்னபோது நான் அழுதது சந்தோஷத்தில்தான். இதை எழுதுவது சந்தோஷத்தில் இல்லை. இப்போது வர வேண்டாம். டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வீடியோவை நிறுத்திய பிறகு அரிப்பு தானாக அடங்கியது. பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத் தோல் வந்தது. முதலாளி மறுபடியும் முன்பக்கம் நிற்கச் சொன்னார். ரேடியோவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா என்று தெருமுனைவரை கேட்டது. நானும் நம்பிவிட்டேன். நீங்கள் வருகிறீர்கள் என்றதும் வேண்டிய ஏற்பாட்டையெல்லாம் செய்துகொண்டேன், அதுவும் ஒன்றுக்கு இரண்டு தடவை. என்ன ஏற்பாடு என்று கேட்காதீர்கள், எல்லாம் பெண்கள் விஷயம்.

இந்தத் தடவை நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை. அப்படியும் வந்துவிட்டது, முன்னைவிட மோசமாக. நெற்றியெல்லாம் கொப்புளம். முகம் எங்கள் கடை பன் மாதிரி உப்பியிருக்கிறது. கண் இரண்டும் கீறலாகத்தான் திறக்கின்றன. கழுத்திலிருந்து வழிவது கடைச் சீருடைச் சட்டையின் காலரில் காய்ந்து மொடமொடவென்று நிற்கிறது. கண்ணாடியில் என்னை நானே பார்க்கச் சகிக்கவில்லை. ரேடியோவிடம் கேட்டால், அதுதான் வரப்போகிறாரே, அவர் நினைப்பே பட்டிருக்கும் என்கிறார்.

இத்தனை வருடம் கழித்து இறங்கி வந்து நீங்கள் பார்க்கிற முகம் இதுவாக இருக்கக் கூடாது. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டீர்கள், எனக்குத் தெரியும். திருப்பாமல் இருப்பதற்குக் கஷ்டப்படுவீர்கள். அந்தக் கஷ்டத்தை நான் கிட்ட நின்று பார்க்க வேண்டியிருக்கும். அது என்னால் ஆகாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், வராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

*

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

முந்தைய கடிதம் கையில் கிடைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். டிக்கெட்டை மாற்றியிருந்தால் திரும்பவும் மாற்றுங்கள். நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள் காலையில் எனக்குக் கண் திறக்கவேயில்லை. உங்கள் அக்கா என்னை ஒரு வண்டியில் ஏற்றித் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். இவர் வேறு டாக்டர், வயதான அம்மா. சோப்பு, பவுடர் எதையும் கேட்கவில்லை. என் தலையைக் குனியவைத்து வகிட்டை விலக்கிப் பார்த்தார். நேராக, தலைக்கு என்ன போடுகிறீர்கள் என்றுதான் கேட்டார். உங்கள் அக்கா அறைக்குள் இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கண்தான் மூடிக் கிடக்கிறதே. அதனால் வாயையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் உங்கள் அக்காவின் குரல் கேட்டது.

"சொல்லும்மா. ரெண்டு வருஷமா உன் தலையணை உறையைத் துவைக்கிறவ நான். தண்ணி ஏன் கறுப்பா ஓடுதுன்னு எனக்குத் தெரியாதா?"

ஆமாங்க. என் தலை நரைத்துவிட்டது. அங்கொன்று இங்கொன்று இல்லை, முழுசாக. 'நீ மட்டும் அப்படியே இருக்கே' என்று நீங்கள் முதல் தடவை சொன்னதற்கு முந்தின நாள்தான் பூச ஆரம்பித்திருந்தேன். அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டபிறகு எப்படி நிறுத்துவது? ஒவ்வொரு மாதமும் உங்கள் வீடியோவுக்கு முந்தின நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கேக் எடுக்கிற பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அதனால்தான் நாள் அப்படிப் பொருந்தியிருக்கிறது. உங்கள் கண்ணைப் போய் சந்தேகப்பட்டேன் பாருங்கள்.

டாக்டர் அந்தப் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். உங்கள் அக்கா வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. பாக்கெட்டின்மேல் பச்சையாக இலைப் படம், மூலிகை மருதாணி என்று பெரிய எழுத்து. இலைதானே, அது என்ன செய்துவிடும் என்று எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. வேப்பிலையைச் சந்தேகப்பட்டேன், மைதாவைச் சந்தேகப்பட்டேன், இதைச் சந்தேகப்படவில்லை. டாக்டர் அந்தப் படத்தை விரலால் தட்டி, "மருதாணி சிவக்கும். எங்கயாவது கறுக்குமா?" என்று கேட்டார். கறுப்பு வருவதற்கு ஏதோ சாயத்தைக் கலந்திருக்கிறார்களாம். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாதாம், பல மாதம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று காட்டுமாம், பிறகு போடப்போட உக்கிரம் கூடுமாம். சின்ன வயதிலிருந்து கையில் மருதாணி வைத்தவள் நான். ஒரு தடவையாவது கறுத்திருக்கிறதா? என்மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

தெரிந்திருந்தும் முதல் டாக்டரிடமே ஏன் அண்ணி சொல்லவில்லை என்று உங்கள் அக்காவைக் கேட்டேன். நீ இல்லைன்னு சொன்னப்புறம் உன்னை டாக்டர் முன்னால பொய்க்காரி ஆக்கச் சொல்றியா என்றார். இலைப்பொடிதானே என்று அவரும் ஏமாந்திருக்கிறார். நரை கிடையாது என்று தெருவில் பேசினது எனக்கு முட்டுக் கொடுக்கத்தானாம். நான் அதைக் கேட்டுப் பயந்து இன்னும் கொஞ்சம் பூசியிருக்கிறேன். நல்ல குடும்பம்.

புண் ஆற வேண்டும் என்றால் முடியை ஒட்ட வெட்டினால் நல்லது என்றார் டாக்டர். உங்கள் அக்காவே கத்தரியை எடுத்தார். அவருக்குத் துணி வெட்டத் தெரியும், முடி வெட்டத் தெரியாது. வலப்பக்கம் ஒரு உயரம், இடப்பக்கம் ஒரு உயரம். கீழே கிடந்ததைப் பார்த்தேன். நுனியெல்லாம் செத்த கறுப்பு, அடியில் வெள்ளை, நடுவில் துருப்பிடித்த மாதிரி ஒரு நிறம், அங்கங்கே பொருக்கு ஒட்டிக்கொண்டு. சீ, இதையா இத்தனை நாள் தலையில் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று இருந்தது. முறத்தில் வாரிக் குப்பையில் கொட்டிவிட்டுக் கையை மூன்று தடவை கழுவினேன்.

இப்போது டாக்டர் கொடுத்த மருந்துதான், வேறு எதுவும் தொடுவதில்லை. வீக்கம் வடிந்துவிட்டது. வெங்காயச் சாற்றைத் தேய்த்தால் இயற்கையாகவே முடி கறுக்கும் என்று ரேடியோ வந்து நின்றார். உங்கள் அக்கா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். பேக்கரியில் மறுபடியும் முன்பக்கம் நிற்கிறேன். நேற்று, வழக்கமாக ரொட்டி வாங்குகிறவர் ஒருவர், இங்கே இருந்த அக்கா எங்கே, வேலையை விட்டுவிட்டாரா என்று என்னிடமே கேட்டார். நான்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அதிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான்.

ஏர்போர்ட்டில் நீங்கள் வெளியே வரும்போது கறுப்புத் தலையைத் தேடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விடக் கூடாது. உங்கள் அக்காவுக்குப் பக்கத்தில், வெள்ளை முடியைக் கோணல்மாணலாக வெட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் தோல் உரிந்து ஒருத்தி நிற்பாள். அது நான்தான். பார்த்ததும் அருவருப்பாக இருந்தால் முகத்தில் காட்டிவிடுங்கள், அடக்கிக்கொள்ள வேண்டாம். எனக்கே இன்னும் பழகவில்லை, உங்களுக்கு மட்டும் எப்படி உடனே பழகும்?

வழியில் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேருங்கள். பெட்டி, பை எதுவும் நிறைய வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் தொப்பிக்கு அடியில் என்ன என்று வெல்டரிடம் நான் விசாரிக்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. என்றாலும், அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி வரும்போது நீலத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாங்க.

இப்படிக்கு,
வெள்ளைத் தலையோடு காத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி