இறுக்கிக் கட்டிய வார்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறீர்களா? நான் நலம்.

பார்சல் கொடுக்கப் புது சைக்கிள் வாங்கியிருக்கிறேன். சக்கரம் சுற்றும்வரை பெடலும் நிற்காமல் சுற்றும். கால் நழுவாமலிருக்கப் பெடலில் வார் உண்டு.

“புதுசுல லூசாவே கட்டு. நிக்கறதுக்கு முன்னாடியே ஒரு காலை உருவிடு” என்றான் கூட வேலை பார்ப்பவன். நான் ஏதோ நினைப்பில் இறுக்கிக் கட்டிவிட்டேன். சிக்னலில் காலை எடுக்க வராமல் மூட்டை மாதிரி சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்புதான், பயப்படாதீர்கள்.

விழும்போது “அம்மா!” என்று கத்திவிட்டேன். பின்னாலேயே சைக்கிளில் வந்த அவன் தூக்கிவிட்டுச் சிரித்தான். “அம்மாகிட்ட சொல்லிடாதடா, பயந்துடுவாங்க.”

அம்மா இறந்தது அவனுக்குத் தெரியாது. “சொல்லல” என்றேன்.

அம்மாவின் போனை அணைக்காமல் சார்ஜ் போட்டு வையுங்கள், அப்பா. எப்போதாவது கூப்பிடுவேன். நீங்கள் எடுக்க வேண்டாம், அடிக்கட்டும்.

பார்சல் ஏற்றக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகன்