வயர்லெஸ் பெட்டிக்கு உப்பு ஒத்தடம்

பெட்டியைத் திறந்தால் சோற்றை மறக்கிற என் செல்லக் கொழுந்தன் ஞானமுத்துவுக்கு,

உன் மைனி எழுதுகிறேன். மேலே போயும் எதையாவது கழற்றிப் பரப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய். கையில் இருக்கிற திருப்புளியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதைக் கேள்.

சபைப் பத்திரிகையில் போட உன்னைப் பற்றி நாலு வரி வேண்டுமாம். மூன்றாம் கிளாஸோடு சிலேட்டை உடைத்தவளிடம் கேட்டால் நாலு வரியில் நிற்குமா? பிழையெல்லாம் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். உன்னைத்தான் யாராலும் திருத்த முடியவில்லை.

நீ ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போனாய். உன்னை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்துத்தான் உன் அண்ணன் கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் வந்து கப்பல் இறங்கினார். இப்போது மார்கழி. காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது என்று உன் அண்ணன் புளுகுகிறார். புகை வருவதெல்லாம் அவர் பீடியிலிருந்து.

இன்னொரு சேதி. உன் வயர்லெஸ் பெட்டியில் சத்தம் தேடித் திருகுகிற பெரிய குமிழ் போன வாரம் மறுபடியும் கரகரவென்று கத்தத் தொடங்கியது. நானே திறந்தேன். ஆமாம், நானேதான். உள்ளே இருந்த பல்சக்கரங்களைக் கோழி இறகில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். துணியால் ஒற்றி எடுத்தேன். தேங்காய் எண்ணெய் மட்டும் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே, அதனால் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

தாலுகா ஆபீசிலிருந்து நீ வீடு வந்ததும் என் சுளகு காணாமல் போகும். அரிசி புடைக்க வேண்டிய சுளகில் திருகாணியும் கம்பியும் மினுங்கும். அது பொறுக்காமல் நான் சத்தம் போடுவேன்.

"எலே, இன்னைக்குச் சோத்துல கல்லு கிடந்தா அது ஒன் ஆணியாக்கும்!"

"கல்லு கடிச்சாப் பல்லு போகும் மைனி. ஆணி கடிச்சா ரத்தத்துல இரும்பு ஏறும். நல்லதுல்லா?"

பெட்டிக்குச் சத்தம் பிடிக்க இரண்டு தென்னைக்கு நடுவே நீ கம்பி கட்டியபோது, பக்கத்து வீட்டு ரோசம்மாள் துணி காயப்போடத்தான் என்று நினைத்துத் தன் சேலையையும் கொண்டு வந்தாளே! பெட்டியின் குமிழுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போனாலே சத்தம் நழுவி ஓடுகிறது என்று, என் சிரட்டைத் தவியின் நீளக் காம்பை அறுத்துக் குமிழில் மாட்டினாய். அன்றைக்கு நான் குழம்பை எதைக் கொண்டு கோருவேன் என்று யோசித்தாயா?

இத்தனையும் பொறுத்தேன் என்றால் காரணம் ஒன்றுதான். கடலுக்கு அந்தப் பக்கம் உன் அண்ணன் இருந்தார். கொழும்பில் ஒரு துரை வீட்டில் மின்சார வேலை. அவர் போய் மூன்றாவது மழையும் பெய்து முடிந்திருந்தது. கடிதம் வரும். ஆனால் கடிதத்துக்குக் குரல் உண்டா? அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. குரல்தான் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது. அவர் கூப்பிடுவதாக நினைத்துப் பார்ப்பேன், மனதுக்குள் உன் குரல் வந்து நிற்கும். சிரிக்காதே. அது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா?

அப்போதுதான், போன மார்கழியில், அவரிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. துரையும் உன்னைப் போல ஒரு பைத்தியம். ஆனால் அவருக்குக் காற்றில் பேச உத்தரவு இருந்தது. உனக்குக் கேட்க மட்டும்தான். வருகிற ஞாயிறு விடியலில் உன் அண்ணனைத் தன் பெட்டி முன்னால் நிறுத்தப் போகிறாராம். வீட்டுச் சேதி பேசக்கூடாது, அது சட்டம். பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணலாம். அவ்வளவுதான்.

"பத்து எண்ணமாக்கும் மைனி, போதுமா?" என்று கேட்டாய்.

"கல்யாணம் முடிஞ்ச புதுசுல அவிய அத்தனைகூடப் பேசினதில்லை. தாராளம்," என்றேன்.

சனிக்கிழமை முழுக்க நீ குமிழோடு மல்லுக்கட்டினாய். கரகரப்பு தீரவில்லை. கடைசியில் நம் ஊர் வைத்தியத்துக்கு வந்தாய். கதவு கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், தலை வலித்தால் தேங்காய் எண்ணெய், வண்டிச் சக்கரத்துக்கும் அதுவே. என் எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பல்சக்கரங்களின் மேல் தாராளமாக ஊற்றினாய். குமிழ் வெண்ணெயில் விரல் போனதுபோலச் சுற்றியது. நீ துள்ளினாய்.

ஞாயிறு விடியல். காதில் மாட்டும் குழாயை, இரண்டு பேருக்கும் கேட்க வேண்டும் என்று, பித்தளைச் சருவத்துக்குள் போட்டாய். அரிசி களைகிற சருவம். அதில் போட்டால் சத்தம் பெருகி வரும் என்றாய். நான் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தவிக்காம்பைப் பிடித்து நீ திருகினாய்.

குமிழ் அசையவில்லை.

இன்னும் திருகினாய். காம்பு முறுக்கிக்கொண்டது. உன் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்வை. "நேத்து வழுவழுன்னு சுத்திச்சே மைனி! ராவோட ராவா என்ன எளவு பிடிச்சுது இதுக்கு?" என்று நீ அழாத குறை. நான் கேலி பேசாமல் இருந்த ஒரே தருணம் அதுதான் என்று நினைக்கிறேன். அங்கே அவர் எண்ணத் தொடங்கியிருப்பார். ஒன்று, இரண்டு எல்லாம் நம் கூரைக்கு மேலே வீணாகப் போய்க்கொண்டிருக்கும். கையாலாகாமல் எழுந்து அடுக்களைக்குப் போனேன். கோவிலில் ஞாயிறு ஆராதனைக்குத் தலை சீவ வேண்டுமே என்று பழக்கத்தில் கை குப்பியை எடுத்தது. கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. மார்கழிக் குளிரில் எண்ணெய் மெழுகாக உறைந்து கிடந்தது. வழக்கம்போல அடுப்போரம் வைத்தேன்.

குறடு தேடி நீ பின்னாலேயே ஓடி வந்தாய். அடுப்பைப் பார்த்தாய். குப்பியைப் பார்த்தாய். குப்பிக்குள் எண்ணெய் ஓரத்திலிருந்து உருகி இறங்குவதைப் பார்த்தாய்.

"மைனீ! எண்ணெ!"

"இப்ப ஒனக்குத் தலைக்குத் தேய்க்கணுமா மக்கா?"

"எனக்கில்லை, பெட்டிக்கு! பெட்டிக்குள்ள உறைஞ்சிருக்கு! சூடு காட்டணும், தீ படாம!"

தீ படாமல் சூடு என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். கல்லுப்பைச் சட்டியில் வறுத்தேன், கிழிந்த முண்டில் முடிந்தேன். கால் சுளுக்கினால் போடுகிற அதே ஒத்தடம். பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து நீ வழி காட்ட, நான் பல்சக்கரத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். "மெல்ல, மெல்ல, அதுக்கு வலிக்கும்," என்றாயே, அந்த நேரத்திலும்!

குமிழ் மெல்ல இளகியது. சருவம் ஊளையிட்டது. பிறகு மழை இரைச்சல். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆள்.

"...நாலு... அஞ்சு... ஆறு..."

நீ என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரியவில்லை, ஞானமுத்து. யாரோ எண்ணுகிறார்கள். துரை வீட்டுத் தோட்டக்காரனாகக்கூட இருக்கலாம். தேய்ந்து போன குரலை எதை வைத்து அடையாளம் காண்பது?

"ஏழு."

ஏளு இல்லை. ஏழு. நாக்கை மடக்கி, அந்த ழவை அவசரமில்லாமல் வழியவிட்டு, வடசேரிச் சந்தையில் வாழைக்குலை விலை கேட்கிற அதே ஏழு. அது உன் அண்ணன். என் வீட்டுக்காரர். நான் அரிசி களைகிற சருவத்துக்குள் இருந்தார்.

என்னையறியாமல் கை நீண்டுவிட்டது. உடனே சத்தம் ஊளையிட்டு ஓடியது.

"கையை எடுங்க மைனி! தொடப் போனா போயிரும்!"

எடுத்தேன். திரும்பி வந்தார். எட்டு என்றார், ஒன்பது, பத்து என்றார். அப்புறம் இரைச்சல் மட்டும்.

நான் முற்றத்துக்கு வந்து நின்றேன். வானத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. நீ கட்டிய கம்பியில் ஒரு காகம் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் என் புருஷன் இப்போதுதான் நடந்து போனார், அதற்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கோவிலில் பாட்டுப் பாட வாய் வரவில்லை எனக்கு. காற்று முழுக்க ஆட்கள் நிற்பதுபோல ஒரு அடக்கம் வந்துவிட்டது. இந்த வாயாடிக்கு! இன்றைக்கும் வெறும் வானத்தைப் பார்த்தால் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொள்கிறேன்.

குமிழ் உறைந்த கதையை நாம் உன் அண்ணனுக்கு எழுதவே இல்லையே. 'கேட்டோம்' என்று ஒரு வார்த்தை போட்டதோடு சரி. போன வாரம் நான் சக்கரம் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒத்தடக் கதையைச் சொல்லி, "நாலுல இருந்துதான் கேட்டுது, முதல் மூணும் போச்சு," என்றேன்.

அவர் கேட்டார்: "எந்த நாலு ஏட்டி?"

"என்னது?"

"தொரை ஒருக்கா எண்ணத்தான் சொன்னாரு. ஞானமுத்துக்க பெட்டி ஒருக்கா சொன்னா கேக்குமா? அவன் எதையாவது கழத்திப் போட்டுக்கிட்டு நிப்பான்னு எனக்குத் தெரியாதா? அதான் பத்து முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுல தொடங்கினேன். தொரை முறைச்சாரு. நான் பாக்காத மாதிரி எண்ணிக்கிட்டே நின்னேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் சக்கரத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

கேட்டாயா, ஞானமுத்து? நீ இந்தப் பக்கம் வியர்த்துக்கொண்டு நின்றபோது, அந்தப் பக்கம் ஒருவர் உனக்காகத் திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருந்தார். உன்னை யாரும் அவசரப்படுத்தவே இல்லை.

இப்போது பெட்டி நன்றாகச் சுற்றுகிறது. தவிக்காம்பும் இருக்கிறது, சருவமும் இருக்கிறது. இந்த மார்கழியின் ஒவ்வொரு ஞாயிறு விடியலிலும் முற்றத்தில் உன் கம்பிக்குக் கீழே நின்று ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவேன். எனக்கு உத்தரவில்லைதான். மைனி கொழுந்தனைக் கூப்பிட எந்தச் சர்க்கார் உத்தரவு? ரோசம்மாள் பார்த்தால் பார்க்கட்டும். கை நீட்ட மாட்டேன், எட்டியே நிற்பேன். அங்கே உன் குமிழ் இறுகிக் கிடந்தால் பதறாதே. நிதானமாக ஒத்தடம் போட்டுவிட்டு வா. பத்து முடிந்ததும் நான் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவேன்.

ஏழு வரும்போது தெரிந்துகொள்வாய், நான்தான் என்று.

உன் சுளகுக்கும் தவிக்கும் சொந்தக்காரி,
உன் மைனி
அன்னம்மாள்