சுவரை மாற்றப் போகிறவன்

மன்னார்குடி
14.8.1979

அன்பு மகன் இளையபெருமாளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தங்கை செவ்வந்தியும் சுகம், அந்தத் தூர தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் எழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்குகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நாலு நாளாகிறது, நாற்றங்கால் உழுதுவிட்டேன். பட்டா விஷயமாகத் தாசில்தார் ஆபீசுக்கு மறுபடி போனேன், பண்ணையார் தரப்பில் இன்னொரு மனு போட்டிருக்கிறார்கள், நீ கவலைப்படாதே, அவர்கள் வயலில் நாற்பது வருஷம் நின்றவனுக்கு ஆபீஸ் வாசலில் நிற்பது பெரிசில்லை.

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். சூரியன் எரிகிற மாதிரி அணுக்களைச் சேர்த்து மின்சாரம் எடுக்க எந்த எரிபொருளை ஆராய்வது என்று இந்த மாதக் கடைசிக்குள் நீ சொல்லியாக வேண்டும், அப்படித்தானே? டியூட்டீரியமும் டிரிடியமும் சேர்த்தால் சீக்கிரம் பற்றும், உனக்கு உத்தியோகமும் உறுதி, ஆனால் நியூட்ரான் தெறித்து உலையின் சுவரிலேயே கதிர்வீச்சு ஏறிவிடும், அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹீலியம்-மூன்று என்றால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் பூமியில் கிடைப்பதே அரிது. ஹைட்ரஜனும் போரானும் தாராளமாகக் கிடைக்கும், நியூட்ரானும் அநேகமாக இல்லை, ஆனால் பத்து மடங்கு சூடு வேண்டும், உன் காலத்தில் எரியுமா என்பதே சந்தேகம். மூன்றாம் வகுப்புப் படித்தவனிடம் யோசனை கேட்கிறாயே, அமெரிக்காவில் வேறு ஆளே கிடைக்கவில்லையா உனக்கு.

சுவரை மாற்ற மிஷின்தான் உள்ளே போகும், ஆள் போகமாட்டான் என்று எழுதியிருந்தாய். மூன்று தடவையும் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன் ராசா. உன் சித்தப்பா மாரியப்பன் காய்ச்சலில் போனான் என்று உன்னிடம் சொல்லி வைத்தோம், அது பொய். பண்ணை வயலில் பூச்சிமருந்து அடித்தபோது, மிஷின்தானே அடிக்கிறது உங்களுக்கென்ன என்றுதான் பண்ணையை மேற்பார்த்த காரியக்காரரும் சொன்னார். பாதி வயலில் குழாய்முனை அடைத்துக்கொண்டது. நேரமாகிறது, ஊதிவிடுடா என்று சொன்னது நான். வாயை வைத்து ஊதினான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான், இருபத்திரண்டு வயசு. ஊதச் சொன்னவன் நான் என்று இத்தனை வருஷமாக அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மிஷின் ஒருநாள் பழுதாகும், அன்றைக்கு ஒருத்தனை உள்ளே அனுப்புவார்கள், அவன் யார் வீட்டுப் பிள்ளையாக இருப்பான் என்று உனக்குத் தெரியும். என் மனசு போரான் பக்கம்தான். அது எரியாமலே போய் நீ வெறுங்கையோடு வந்தாலும் இங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். முடிவு உன்னுடையது, நீ வேறு எடுத்தாலும் என் பிள்ளைதான்.

குளிர்காலம் வந்ததும் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு வெளியே போ. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக விளங்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, நாளைக்கு உன் கீழேயும் பத்துப் பேர் வேலை செய்வார்கள், எது அடைத்துக்கொண்டாலும் யாரையும் ஊதச் சொல்லாதே.

இப்படிக்கு
உன் அப்பா
முருகையன்