முதல் மழையை உள்ளே விட்டேன்

ஜூன் 9

தொட்டி வைத்தாகிவிட்டது. மொட்டை மாடித் தண்ணீர் இனி தெருவுக்குப் போகாது. குழாய் வழியாகத் தோட்டத்துத் தொட்டிக்கு வரும். மாடியில் பாசி வழுக்கியதால் மருந்தடித்துத் தேய்த்துவிட்டேன். முதல் மழை மாடியைக் கழுவி வெளியே ஓட ஒரு வால்வும் உண்டு. அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வானத்துக்கே மீட்டர் வச்சிட்டியேடா" என்றார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது இந்தச் செடிகளும், ஸ்கூட்டரில் கடைக்குப் போய் வருவதும்தான் அவருக்கு வேலை.

ஜூன் 14

மழை. நல்ல மழை. வால்வை உடனே தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டேன். இத்தனை தண்ணீரை யார் தெருவுக்கு விடுவது? தொட்டி நிறைந்தது.

ஜூன் 22

தக்காளி இலை ஓரம் கருகுகிறது. கத்தரியும்.

ஜூன் 25

எல்லாம் போச்சு. பீன்ஸ் கொடி பழைய கயிறு மாதிரி தொங்குகிறது. உரம் அதிகமானால்தான் இப்படிக் கருகும்; எத்தனை தடவை உரம் போட்டீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஒரு தடவைதான் போட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

போன மாதம் பால் பொங்கி அடுப்பு அணைந்ததை அவர் கவனிக்காமல் விட்டதையும் எடுத்துப் போட்டேன். அம்மா "விடேன்டா" என்றாள். விடவில்லை. மறதி இருக்கிறது என்றால் இருக்கிறது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

ஜூன் 27

அக்கா போனில் அழுதாள். டாக்டரிடம் காட்டும்வரை அப்பாவுக்கு வண்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். செய்தது நான், மற்ற இருவரும் மறுக்கவில்லை. சாவியைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்.

"நீ சொன்னா சரியாத்தான்டா இருக்கும். படிச்சவன்."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை.

ஜூலை 1

அம்மா அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. டீகூடக் கேட்டுத்தான் குடிக்கிறார்.

ஜூலை 4

சமையலறை ஜன்னலில் ஒரு மிளகாய்ச் செடி இருக்கிறது. இன்றுதான் கண்ணில் பட்டது. பச்சைப்பசேலென்று நிற்கிறது. அம்மாவிடம் கேட்டேன்.

"அதுக்கும் உங்கப்பாதான் உரம் போட்டார், எல்லாத்துக்கும் போட்ட அன்னைக்கே. தண்ணி மட்டும் நான் ஊத்தறேன், பாத்திரம் கழுவுற குழாயிலேருந்து."

அதே உரம். வேறு தண்ணீர்.

மாடிப்படிக்குக் கீழே கிடந்த மருந்து டப்பாவை எடுத்துப் படித்தேன். செடிகள்மேல் படக் கூடாதாம். பெரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறது. மருந்தைத் தேய்த்தேனே தவிரக் கழுவவில்லை — மழை கழுவிக்கொள்ளும் என்று. கழுவியது. நேராகத் தொட்டிக்குள். அப்பா தினமும் அதைத்தான் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார்.

எந்தச் செடிக்கு எந்தத் தண்ணீர் என்று அன்றே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. குற்றம் சொல்ல ஆள் கிடைத்துவிட்டாரே.

ஜூலை 5

சொல்லவில்லை. சாப்பிடும்போது சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். எழுந்துவிட்டேன்.

ஜூலை 6

அவராகவே வந்தார். "இவ்வளவு கஷ்டப்பட்டுத் தொட்டி வச்ச. நான்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதடா."

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லப்பா" என்றேன். பரவாயில்லையாம். என்ன ஜென்மம்டா நீ. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் முகத்துக்கு நேரா பேசுவியே, இப்ப எங்க போச்சு வாய்?

ஜூலை 8

சொல்லிவிட்டேன். அம்மாவை உட்காரவைத்து, அக்காவைப் போனில் பிடித்துவைத்து, மருந்து, வால்வு எல்லாம். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும்.

அப்பா தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. செத்த செடிகளைப் பற்றியும் இல்லை.

"அப்ப நான் ஒரு தடவைதான் உரம் போட்டிருக்கேன்?"

"ஆமாப்பா."

"அதத்தான் நானும் சொன்னேன்." பிறகு அம்மாவிடம் திரும்பி, "இனிமே டீ நானே போட்டுக்கலாமா, இல்ல டீத்தூள் டப்பாவையும் இவன் படிச்சுச் சொல்லணுமா?"

அம்மா சிரித்தாள். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அது நிம்மதியாக இருந்தது. அவர் சிரிக்கவைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

தொட்டித் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். மாடியையும்.

ஜூலை 19

சாவியை மறுநாளே கொடுத்துவிட்டேன். கடைக்குப் போகிறார், வருகிறார். புதிதாகக் கத்தரி நாற்று வாங்கி நட்டிருக்கிறார். மழை பெய்தது, முதல் தண்ணீரைத் தெருவுக்குத் தாராளமாக ஓடவிட்டேன். எல்லாம் பழையபடிதான் — ஒன்றைத் தவிர.

ஒவ்வொன்றையும் என்னிடம் வந்து சொல்கிறார். கேஸ ஆஃப் பண்ணிட்டேன். தொட்டிக் குழாய மூடிட்டேன். வண்டிய ஸ்டாண்ட் போட்டுட்டேன். நான் "சரிப்பா" என்று சொல்லும்வரை நகர்வதில்லை.

இன்று, "எங்கிட்ட எதுக்குப்பா சொல்றீங்க? சொல்ல வேண்டாம்ப்பா" என்றேன்.

"சரிடா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலிலிருந்து குரல் வந்தது. "கேட்டப் பூட்டிட்டேன்."