பயற்றுத் தலையணை

நாள் 212. காலை 7.10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. தங்கலுக்குக் காற்றும் சூடும் தருகிற கம்ப்ரசர் ஷேர் ஆட்டோ மாதிரி உடம்பை உதறிக்கொண்டு ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது. வெளியே புழுதிப்புயல் கிளம்புகிறது. பூமி சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. அடுத்த வாரம் வரைக்கும் அங்கிருந்து ஒரு பேச்சும் வராது.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் உலகநாதன், சாத்தூர்க்காரன், ஐ.டி.ஐ. ஃபிட்டர். செவ்வாயில் மூன்றாம் தங்கலின் பராமரிப்பு ஆள். பேர் வைத்தவர்கள் எந்த உலகத்துக்கு நாதன் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நல்ல காரியம் எதையும் செவ்வாயில் தொடங்காதே என்பாள் என் மனைவி. இங்கே எல்லா நாளும் செவ்வாய்தான்.

மேலே ‘குருவி’ என்ற கப்பல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான்கு பேர். கப்பலை ஓட்டுபவர் நசீர் பாய். வழிக்கணக்குப் போடுவது என் மகள் வேனில். அந்த உயரத்தில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கு என்னுடைய ரேடார்தான் சொல்ல வேண்டும். அதன் மின்பலகை நேற்றுக் கருகிவிட்டது. மாற்றுப் பலகை குருவிக்குள் இருக்கிறது.

குருவியிலிருந்து: “அப்பா, ரேடார் இல்லேன்னா கேமரா. ஒவ்வொரு சுத்துக்கும் உங்க ஜன்னலுக்கு நேரா போவோம், விளக்கைப் போடுவோம். பெரிய லென்ஸை மாட்டிப் பத்து செகண்டு திறந்து வைங்க. எங்க வெளிச்சம் கோடா விழும். கீழேருந்து எத்தனாவது கட்டத்துல விழுதுன்னு மட்டும் சொல்லுங்க, உயரத்தை நான் கணக்குப் போட்டுக்கிறேன். ஆனா கேமரா இம்மி அசையக் கூடாது.”

தங்கலிலிருந்து: “கல்யாண ஆல்பத்துல எல்லாரு தலையையும் வெட்டுன ஆளும்மா நான்.”

குருவியிலிருந்து: “தெரியும். எனக்கு மொட்டை போட்ட போட்டோலயே மொட்டை இல்ல.”

நாள் 212. பகல் 11.40

முக்காலி உதவாது. தரை இரும்புத் தகடு. கம்ப்ரசர் நடுக்கம் தகடு வழியாக ஏறி, முக்காலியின் மூன்று காலையும் பிடித்து ஆட்டுகிறது. சோதனைப் படத்தில் எதிர் மலைமேல் இருக்கும் கம்பம் கம்பளிப்பூச்சி மாதிரி விழுந்திருக்கிறது.

நடுக்கத்தைத் தின்கிற மெத்தென்ற தலையணை வேண்டும். கேமராவின் பின்பக்கம் ஜன்னல் விளிம்பில் உட்காரும். லென்ஸ் நீளம், அதுதான் தலை கனத்துத் தொங்குகிறது. தலையணை லென்ஸுக்கு.

பழைய பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, ஒரு வாயைத் தைத்தேன். உள்ளே என்ன போடுவது? தெர்மோகோல் உருண்டை: இந்த ஊரில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு எடைதான், லென்ஸ் அதன்மேல் குதிக்கிறது. சர்க்கரை: தையல் வழியே ஒழுகுகிறது. டீத்தூள்: லென்ஸெல்லாம் டீ. பச்சைப்பயறு: அருமை. உருண்டு, விலகி, லென்ஸ் கேட்கிற பள்ளத்தைக் கொடுத்து அப்படியே நிற்கிறது. மூன்று கிலோ. இந்த மாதச் சுண்டல் போச்சு.

ஒரு தொல்லை. காற்று வறண்டு கிடப்பதால் பயறு மின்னேறித் துணியில் ஒட்டி, ஒரு மூலையில் போய்க் குவிகிறது. மூன்று டம்ளர் தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். அடங்கியது. என்னைக் காலேஜுக்கு அனுப்பாதது காலேஜுக்குத்தான் நஷ்டம்.

நாள் 212. பகல் 1.25

புழுதி மூடுவதற்குள் மலைமேல் இருக்கும் கம்பத்தின் நுனியைப் படத்தின் நடுவில் நிறுத்திவிட்டேன். இனிமேல் கேமராவைத் தொடப்போவதில்லை. பொத்தானை ஒயர் போட்டு நாலடி தள்ளி வைத்திருக்கிறேன். ஜன்னலில் பனி பிடிக்காமல் விளிம்பின் சூட்டுக்கம்பியும் போட்டாயிற்று.

முதல் சுற்று வந்தது. கோடு தலைமுடி மாதிரி மெல்லிசு. நாற்பதாவது கட்டம்.

குருவியிலிருந்து: “சூப்பர்ப்பா! கேமராவை எது மேல வச்சீங்க?”

தங்கலிலிருந்து: “பச்சைப்பயறு.”

குருவியிலிருந்து: “இவரு சொல்ற உயரத்தை நம்பித்தான் இறங்கப் போறோம், நசீர் பாய். கேட்டுக்கங்க.”

நாள் 212. மாலை 4.50

இரண்டாவது சுற்று, முப்பத்தெட்டு. வேனில் குறித்துக்கொண்டாள். மூன்றாவது சுற்று, முப்பத்துநாலு. கோடு இரண்டும் சுத்தம். மலை இப்போது புழுதிக்குள் போய்விட்டது. கப்பல் விளக்கு மட்டும் மஞ்சளாகக் கசிகிறது.

குருவியிலிருந்து: “அப்பா, கேமராவைத் தொட்டீங்களா?”

தங்கலிலிருந்து: “அந்தப் பக்கம் மூச்சுகூட விடல தாயி.”

குருவியிலிருந்து: “கம்பம் தெரியுதா?”

தங்கலிலிருந்து: “மலையே தெரியல.”

குருவியிலிருந்து, நசீர் பாய்: “அண்ணே, உங்க படம் சரின்னா நாங்க தாழ்ந்துக்கிட்டே வர்றோம். அடுத்த ரெண்டு சுத்துல காத்துல சிக்கிருவோம். நிச்சயமா முப்பத்துநாலுதானா?”

மூன்று தடவை எண்ணினேன். முப்பத்துநாலுதான். நிச்சயம் என்றேன்.

குருவியிலிருந்து, நசீர் பாய்: “அப்ப கிரகத்துக்குப் பின்னால போனதும் எஞ்சினைப் போட்டு ஏத்திடுறேன். இறங்குறதுக்கு வச்ச எரிபொருள்தான். வேற வழியில்ல.”

கப்பல் மறைந்தது.

நாள் 212. மாலை 5.20

ஜன்னல் பக்கம் வாசனை.

முதலில் பிடிபடவில்லை. நல்ல வாசனைதான். பசித்தது. வீட்டில் வெள்ளிக்கிழமை காலையில் அடுக்களைக்குள் போனால் வருகிற வாசனை. ஊறின பயறு.

தலையணையைத் தொட்டேன். கல்லாக இருக்கிறது. தையல் விம்மி நிற்கிறது. லென்ஸின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது. மூக்கு மேலே போனால் படத்தில் கோடு கீழே போகும். கப்பல் தாழவில்லை. அது இருந்த இடத்தில்தான் இருந்தது. உயர்ந்தது என் பயறு.

மூன்று டம்ளர் தண்ணீர். அடியில் சூட்டுக்கம்பி வேறு.

வாரா வாரம் ஊறவைப்பவன் நான். ரெண்டு டம்ளர் போட்டால் நாலாகும் என்று மருமகனுக்குப் பாடம் எடுத்தவன். மருமகன் கெமிஸ்ட்ரி படித்தவர், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சாய்வு பார்க்கிற ரசமட்டம் பையிலேயே இருந்தது. ஒரு தடவை மேலே வைத்துப் பார்த்திருந்தால் குமிழி காட்டிக் கொடுத்திருக்கும். அசையக் கூடாது என்று மகள் சொன்னாள், நான் தொடவில்லை. ஆயுசில் அவள் சொன்னபடி கேட்டது இந்த ஒரு தடவைதான்.

“எஞ்சினைப் போடாதீங்க, தப்பு என்னுது” என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். என் குரல் கிரகத்துக்குப் பின்னால் போகாது. தெரியும். கூப்பிடுகிறேன்.

நாள் 212. மாலை 6.35

குருவியிலிருந்து: “அப்பா, ஏத்தியாச்சு! இனி பயமில்ல. பாய் உங்களுக்கு ஒரு பிரியாணி கடன்.”

சொன்னேன். தண்ணீர் தெளித்தது, பயறு ஊறியது, எல்லாம். 

குருவியிலிருந்து: “சரி.”

பிறகு: “சரிப்பா. அழாதீங்க. அழுதா பேச்சு புரிய மாட்டேங்குது.”

பிறகு நசீர் பாய்: “அண்ணே, மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு இறக்கத்துக்குத்தான், அதுவும் இழுத்துப் பிடிச்சா. மேலயே இருக்கவும் முடியாது. மூச்சுக்காத்து அஞ்சு நாளைக்குத்தான். இப்ப எந்த உயரத்துல இருக்கோம்னு எங்களுக்குத் தெரியணும். அடுத்த சுத்துல எடுத்துக் கொடுங்க.”

தங்கலிலிருந்து: “நானா?”

குருவியிலிருந்து: “வேற ஸ்டூடியோவா இருக்கு அங்க?”

நாள் 212. இரவு 7.55

பேன்ட்டின் இன்னொரு கால். உள்ளே நட்டும் வாஷரும், பட்டறையில் இருந்ததெல்லாம். இரும்பு ஊறாது. ஆனால் இரும்பு நடுக்கத்தைத் தின்னாது, அப்படியே கடத்திவிடும். அதனால் கம்ப்ரசரை நிறுத்தப் போகிறேன்.

இதை வருஷக்கணக்காக யாரும் நிறுத்தியதில்லை. நின்றால் மறுபடி எழுந்திருக்குமா என்று அதற்கே தெரியாது. வேனிலிடம் இதைச் சொல்லவில்லை.

ரசமட்டம் வைத்து, அவள் சொன்ன டிகிரிக்கு லென்ஸைச் சாய்த்தேன். குமிழி நடுவில். மறுபடி பார்த்தேன். மறுபடி.

நாள் 212. இரவு 8.20

நிறுத்திவிட்டேன். என் காது சத்தம் எனக்கே கேட்கிறது.

விளக்கு வந்தது. எடுத்தேன்.

கம்ப்ரசரின் சக்கரம் முழுசாக நிற்கவில்லை போலிருக்கிறது. மிச்சச் சுழற்சி. கோடு தடித்து விழுந்திருக்கிறது. கீழ்விளிம்பு நாற்பத்தைந்து. மேல்விளிம்பு நாற்பத்தெட்டு. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க முடியாதாம், இறங்கும் இடம் விலகிவிடுமாம்.

தங்கலிலிருந்து: “தாயி, கோடு தடியா இருக்கு. நாப்பத்தஞ்சுலேருந்து நாப்பத்தெட்டுக்குள்ள எங்கயோ. நிச்சயமாச் சொல்ல முடியல.”

குருவியிலிருந்து, மெதுவாக: “அப்பா, இந்த லைன்ல நான் மட்டும்தான் இருக்கேன். பாய் ஏற்கெனவே ஒவ்வொரு நம்பரையும் ரெண்டு தடவை கேக்குறாரு. நீங்க தயங்கி இழுத்தீங்கன்னா அவரும் இழுப்பாரு, எரிபொருள் அதுலயே போயிரும். இப்ப எல்லாருக்கும் போடுறேன். ஒரே ஒரு நம்பர். நல்ல சத்தமாச் சொல்லுங்க.”

நாள் 212. இரவு 8.32

நாற்பத்தாறு என்றேன். ஓங்கிச் சொன்னேன். கடையில் எடைக்கல்லைத் தட்டில் வைக்கிற மாதிரி.

நசீர் பாய், “தேங்க்ஸ் அண்ணே, இது போதும்” என்றார்.  எஞ்சின் சத்தம் வந்தது, பிறகு இரைச்சல்.

நாள் 212. இரவு 9.10

கம்ப்ரசர் இன்னும் எழவில்லை. ரெண்டு தடவை முக்கியது. விரல் விறைக்கிறது, எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும். வெளியே புழுதிதான். இரைச்சலுக்குள் ஏதோ கேட்கிற மாதிரி இருக்கிறது. இல்லாத மாதிரியும்.

ஏன் நாற்பத்தாறு சொன்னேன் என்று எழுதிவைக்க வேண்டும். நாற்பத்தைந்தாக இருந்திருக்கலாம். நாற்பத்தெட்டாகவும். படத்தை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், தெரியவில்லை. நான் ஓங்கிச் சொன்ன குரலில்தான் நிச்சயம் இருந்தது. நம்பரில் இல்லை.

வேனில், இதை நீ படிக்கிறாய் என்றால் எந்திரிச்சு நின்று என்னைத் திட்டு. நான் எப்படிக் கிடந்தாலும் சரி. சத்தமாத் திட்டு.

வேறு யாராவது படிக்கிறீர்கள் என்றால்