விருந்தாளிக்கு ஓரத்து அலை

மார்ச் 3, திங்கள்

மாற்றலாகி வந்து இரண்டாவது வாரம். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த நாற்காலி உட்கார்ந்தால் முனகுகிறது, எழுந்தால் பெருமூச்சு விடுகிறது. இன்று டெஸ்டுக்கு வந்த ஒருவர் வண்டியைக் கிளப்பும் முன் கண்ணாடியைத் திருப்பித் தலை சீவிக்கொண்டார். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத்தான் அது இருக்கிறது என்றேன். வெளியே போய், புதுசா வந்திருக்கிற அம்மா ரொம்பக் கறார் என்று சொன்னாராம். சொல்லட்டும்.

அலைச்சறுக்குப் போர்டு இன்னும் உறை பிரிக்காமல் கூடத்தில் சாய்ந்து நிற்கிறது. சனிக்கிழமை கடலுக்குப் போகிறேன். வருவது வரட்டும்.

மார்ச் 8, சனி

சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். முந்தின ஊர்க் கடலில் புதிதாய் வருகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் காரில் சாவியால் கோடு கிழித்தார்கள், செருப்பை மண்ணில் புதைத்தார்கள், தண்ணீரிலேயே சுற்றி வளைத்து எந்த ஊர்க்காரி நீ என்று கேட்டார்கள். வருஷக்கணக்கில் கத்திக் கத்தித்தான் அங்கே எனக்கென்று ஓர் இடம் பிடித்தேன். அதற்கும் முன்னால், படித்த ஊர்க் கடலில் முறையென்று ஒன்றே கிடையாது. ஒரே அலையில் கும்பலாக ஏறுவோம், மண்டையோடு மண்டை மோதும், கரைக்கு வந்து சிரித்துக்கொண்டே கட்டுப் போட்டுக்கொள்வோம். கடலுக்குக் கடல் மனுஷர்கள் வேறு. இந்த ஊர்க்காரர்கள் எப்படியோ என்று வழியெல்லாம் பதிலடிகளை வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

ஒன்றுக்கும் வேலையில்லை. கரையில் போர்டு ரிப்பேர் செய்யும் ஒரு கொட்டகை. அதன் சொந்தக்காரர்தான் இங்கே எல்லாம். கையில் எப்போதும் பிசின் ஒட்டியிருப்பதால் அவருக்குப் பசை என்று பெயர். அவர் ஓடிவந்து என் போர்டை வாங்கிக்கொண்டார். டீ வந்தது. பிஸ்கட் வந்தது. “நடுவுல பாறை இருக்கு மேடம். நீங்க ஓரத்துல போங்க, பத்திரமா இருக்கும்” என்றார்.

ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓர் அலை வந்தது. ஏறி நின்றேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள். பால்குடி மறக்காத பிள்ளைகூட நிற்கக்கூடிய அலை அது.

என் வீட்டுக்காரர் கரையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். வாளித் தண்ணீரைக் கண்டாலே இரண்டடி தள்ளி நிற்பார். எவ்வளவு நல்ல மனுஷங்க பாரு என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று தடவை போயாகிவிட்டது. மூன்று தடவையும் ஓரம்.

நடு என்பது பாறைக்கு அப்பால். அங்கே எழும்புகிற அலை படகுத்துறை வரைக்கும் ஒரே நீளமாக ஓடுகிறது. அதில் ஒன்று, ஒரே ஒன்று, என் காலுக்குக் கீழே வேண்டும். உடையும் இடத்துக்கு யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அலை அவருடையது, மற்றவர்கள் குறுக்கே வரக்கூடாது. எல்லாக் கடலிலும் இதுதான் சட்டம். இங்கேயும் அப்படித்தான் என்கிறார்கள். ஆனால் நான் நடுவுக்குத் துடுப்பு போடுவது போல் கையை வீசிப் போனால் போதும், லாண்டரி அக்கா பக்கத்தில் வந்துவிடுகிறார். ஐம்பது வயதுக்கு மேல், கடைத்தெருவில் லாண்டரி வைத்திருக்கிறவர். “மேடம், ஓரத்துல உங்களுக்குன்னே ஒன்னு வருது பாருங்க” என்கிறார். நான் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் நிஜமான அலை வந்துவிடுகிறது, அக்கா அதில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறார்.

பகல் கொள்ளை. முந்தின ஊரில் என்றால் திட்டுவார்கள், நானும் திட்டுவேன். கையில் பிஸ்கட்டைத் திணித்துவிட்டு நிற்கிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

இன்னொன்றும் கவனித்தேன். அவர்களுக்குள் நடுவில் என்ன பேச்சுப் பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? பசை லாண்டரி அக்காவைப் பார்த்து, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு என்கிறார். அக்கா, உன் மூஞ்சிக்கு இந்த அலை ஒரு கேடா என்கிறார். ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுக்கு வெளியே நிற்கிறவள் மாதிரி இருந்தது. இந்த ஊரில் மரியாதை வெளியாளுக்கு மட்டும்தான்.

மார்ச் 22, சனி

என் வீட்டுக்காரரை எல்லோரும் மச்சான் என்கிறார்கள். என்னை அல்ல, அவரை. நீச்சல் தெரியாத மனுஷனை. கொட்டகையில் கேரம் போர்டு இருக்கிறது. நான் ஓரத்தில் ஊறிக்கொண்டிருக்கும்போது இவர் அங்கே உட்கார்ந்து காய் அடிக்கிறார். இன்று சிவப்பைக் குழியில் போட்டு, கூடவே ஸ்ட்ரைக்கரையும் போட்டுவிட்டாராம். பசை இவரைக் கழுதை என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் புகார் சொல்கிறார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை யாரும் கழுதை என்று சொல்லவில்லையே.

மார்ச் 23, ஞாயிறு

எனக்காகப் பசையிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். உன்னை அவ்வளவு மரியாதையாக நடத்துகிறார்கள், இன்னும் என்ன வேண்டும் என்கிறார். அதுதான்யா பிரச்சனை.

மார்ச் 30, ஞாயிறு

இன்று வேண்டுமென்றே செய்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. நேராக நடுவுக்குப் போனேன். பசை ஓர் அலையில் எழுந்து நின்றார். அது அவருடைய அலை, சந்தேகமே இல்லை. நான் குறுக்கே விழுந்து ஏறினேன். உலகத்தில் எந்தக் கடலிலும் இதற்கு வசவு நிச்சயம். கழுதையாவது கிடைக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் ஏறினேன்.

என் மேல் மோதாமல் இருக்க அவர் போர்டைத் திருப்பிக் குப்புற விழுந்தார். தாடையில் ரத்தத்தோடு மேலே வந்தார். “பரவாயில்ல மேடம். நல்லாப் பண்ணீங்க” என்றார்.

அந்த அலையில் பாதி தூரம்கூட என்னால் நிற்க முடியவில்லை. காருக்குள் வந்து அழுதேன். வீட்டுக்காரர் துண்டை நீட்டினார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்வது, அவர்கள் என்னைத் திட்ட மாட்டேன் என்கிறார்கள் என்றா?

ஏப்ரல் 9, புதன்

பசையின் மனைவி நர்ஸ், என் வீட்டுக்காரர் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரி. வராந்தாவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. இவர்தான் எக்ஸ்ரே எடுத்தாராம். அந்த வீட்டில் வேன் ஓட்டுகிறவள் அவள் மட்டும்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், ரிப்பேர் ஆன போர்டுகள் ஊர் ஊராகப் போவதும் அந்த வேனில்தான். பசையிடம் மனைவி நச்சரித்து எடுத்த பழகுநர் உரிமம் மட்டும்தானாம், லைசென்ஸே கிடையாதாம். இத்தனை வயதுக்கு சைக்கிளிலேயே காலத்தை ஓட்டிவிட்டார். இனி எடுத்துத்தான் ஆகவேண்டும்.

இந்த ஊரில் டெஸ்ட் எடுக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பித்தப்பைக் கல்லோடு மருத்துவ விடுப்பில் இருக்கிறார். இன்னொருத்தி நான்.

ஏப்ரல் 17, வியாழன்

பயந்தது போலவே ஆகிவிட்டது. திங்கட்கிழமை பட்டியலில் பசை. மேலதிகாரியிடம் போய், இவர் எனக்குத் தெரிந்தவர், ஒரே கடலில் அலை பிடிக்கிறோம், நான் எடுப்பது சரியா என்று கேட்டேன். எவ்வளவு நெருக்கம் என்று கேட்டார். என்னைப் பக்கத்திலேயே விடுவதில்லை என்றேன். அப்ப என்னம்மா தடை, நீங்களே எடுங்க என்று அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார்.

நல்லபடி ஓட்டிவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. ஓட்டாவிட்டால்? ஃபெயில் போட்டால் பிஸ்கட்டும் போச்சு, ஓரமும் போச்சு. பாஸ் போட்டால்... ஒருவேளை நடு. சீச்சீ. இந்த நினைப்பு வந்ததற்கே என்னை நானே ஒரு அறை விட்டுக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

பசை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையில் பிசின் இல்லை. தேய்த்துத் தேய்த்துத் தோலே சிவந்திருந்தது. மனைவி கையில் கட்டோடு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கிளம்பியது நன்றாக இருந்தது. கண்ணாடி பார்த்தார், கை காட்டினார், மெதுவாகப் போனார். கடவுளே, இப்படியே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு ரவுண்டானா வந்தது. உள்ளே ஒரு ரொட்டி வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. பசையின் முகம் மாறியது. தாடையைத் தூக்கினார், கண் அந்த இடைவெளியிலேயே நின்றது. இந்த முகத்தை நான் தண்ணீரில் பார்த்திருக்கிறேன். நேராக உள்ளே விட்டார். டெஸ்ட் வண்டியில் என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நான் மிதிக்காவிட்டால் ரொட்டியெல்லாம் ரோட்டில்தான். ரொட்டி வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி எங்கள் இரண்டு குடும்பத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்.

யாருக்கு முதல் உரிமை என்று கேட்டேன். “அவருக்குத்தான் மேடம். ஆனா நான் முந்திட்டேன்ல” என்றார்.

ஃபெயில். பேனா அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்துவிட்டது. “சரிங்க மேடம். ரொம்ப நன்றி” என்று வாங்கிக்கொண்டு போனார். பெஞ்சில் இருந்தவள் தாளைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், ஒற்றைக் கையாலேயே அதை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் இவரும் ஆரம்பித்தார். கை உடைந்த பொண்ணு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாள், நீ கொஞ்சம் பார்த்திருக்கலாம் என்றார். உங்க கேரம் ஆட்டத்துக்காக ஊரையே கொல்லச் சொல்றீங்களா என்றேன். பேச்சு அதோடு நின்றது. பாத்திரம் கழுவும்போதுகூட முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 26, சனி

போகலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து தவித்துவிட்டுப் போனேன். இவர் வரவில்லை. கொட்டகையில் ஒருவரும் நிமிரவில்லை. ‘வாங்க’ இல்லை, டீ இல்லை. என் போர்டை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

பழக்க தோஷத்தில் ஓரத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்ததும் எனக்கே எரிச்சல் வந்தது. இனி எதற்கு இந்த ஓரம்? விருந்துதான் முடிந்துவிட்டதே. நடுவுக்குப் போய் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன்.

பசை திரும்பினார். “ரொட்டி வண்டிக்கு வழி விடத் தெரியலன்னு எழுதிக் குடுத்தல்ல? அன்னைக்கு என் தாடையப் பேத்தியே, அப்ப எங்க போச்சு உன் சட்டம்? என் பொண்டாட்டி ஒத்தக் கையோட பஸ்ஸுல போறா, தெரியுமா உனக்கு?”

எனக்கும் ஏறிவிட்டது. “உன்ன ரோட்டுல விட்டா அவ உடம்பு பூரா கட்டுதான். ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறவள படுக்கையில போடப் பாக்குறியா?”

லாண்டரி அக்கா சிரித்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு இருமினார். நாங்கள் நிறுத்தவில்லை. என் பிரேக்கைப் பற்றி அவர் சொன்னார், அவர் கண்ணாடி பார்த்த லட்சணத்தைப் பற்றி நான் சொன்னேன். பின்னால் பெரிதாக ஒன்று எழும்புவதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. அக்கா பார்த்துவிட்டார். இருமிக்கொண்டே எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து ஏறிப் போய்விட்டார். இந்த வருஷத்தின் நல்ல அலை. நானும் பசையும் சேர்ந்து, ஒரே குரலில், அவரைத் திட்டினோம்.

அடுத்தது என் பக்கம் வந்தது. போ, வாயப் பொளந்துட்டு நிக்காத என்று யாரோ கத்தினார்கள். போனேன். படகுத்துறை வரைக்கும் போனேன். இறங்கித் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் என்னைக் கவனிக்கவே இல்லை, அடுத்த அலைக்கு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மார்பளவு தண்ணீரில் தனியாக நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

மே 4, ஞாயிறு

எனக்கு ‘பிரேக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று மட்டும் இரண்டு தடவை குறுக்கே வந்தேன் என்று பாட்டு வாங்கினேன். உதட்டில் போர்டு பட்டு வீங்கியிருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது, வேறென்ன எழுத.

ஒரு விஷயம் லாண்டரி அக்கா சொல்லித்தான் தெரியும். அந்த டெஸ்டுக்கு மறுநாள் கொட்டகையில் யாரோ என்னைத் தாறுமாறாகப் பேசினார்களாம். என் வீட்டுக்காரர் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்துவிட்டு, அவ செஞ்சது சரிதான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம். வீட்டில் எனக்கு முதுகைக் காட்டிய மனுஷன். அன்றிலிருந்து அங்கே அவரை எல்லோரும் சார் என்கிறார்களாம். பாவம், ரொம்ப நொந்துபோயிருக்கிறார். இன்று அவருக்குப் பிடித்த குழம்பு வைத்தேன்.

மே 12, திங்கள்

பசைக்கு இரண்டாவது டெஸ்ட். பித்தப்பைக்காரர் இன்னும் திரும்பவில்லை, ஆகவே நானே.

ரவுண்டானாவில் ரொட்டி வண்டிக்கு வழி விட்டார். சைக்கிளுக்கு வழி விட்டார். ரோட்டைத் தாண்டும் எண்ணமே இல்லாமல் ஓரத்தில் படுத்திருந்த நாய்க்கும் வழி விட்டு நின்றார். பின்னால் ஹாரன் காதைப் பிய்த்தது. கத்தட்டும், உரிமை யாருக்குன்னு அவங்களுக்கு என்ன தெரியும் என்றார். என் வாயிலிருந்தே ஒரு நல்ல வார்த்தை வரப் பார்த்தது. பிறகு ரிவர்ஸ் எடுத்து நிறுத்தச் சொன்னேன். கம்பத்தில் இடித்தார். கம்பம் சாய்ந்தே போய்விட்டது.

போச்சா என்றார். போச்சு என்றேன். தாளை எழுதி நீட்டினேன். நன்றி சொல்லவில்லை. பெஞ்சில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள், கட்டுப் போட்ட கையாலேயே. வாசல் வரைக்கும் போன மனுஷர் திரும்பி வந்து என் மேசையில் குனிந்தார்.

“காத்து திரும்பிடுச்சு. அஞ்சு மணிக்கு நடு சூப்பரா இருக்கும், வந்துடு. ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத.”

மேலதிகாரி போன வாரம்தான் புதுப் போர்டு ஒன்று வாங்கியிருக்கிறார். நான் பையை எடுப்பதைப் பார்த்துவிட்டு, இன்னைக்குக் கடல் எப்படிம்மா இருக்கு என்று ஆசையாகக் கேட்டார்.

குளம் மாதிரி கெடக்காம் சார் என்றேன்.